புது லேப்டாப்பில் மிக்ஸி சத்தம்: கடலூர் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம் சார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். தினமும் மாலை 6 முதல் 9 வரை வகுப்பு. பழைய லேப்டாப் இழுத்துக்கொண்டே இருந்ததால் ஆறு நாள் முன்பு 64,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். லெனோவோ கேமிங் மாடல், ஐ5-12450ஹெச், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3050. "இந்த விலையில் இதைவிட நல்ல பவர் கிடையாது" என்றார் கடைக்காரர்.

வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் விசிறி இரைய ஆரம்பித்துவிடுகிறது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது மூன்று மணி நேரமும் நிற்காமல் வருகிறது. "மிஸ், உங்க வீட்ல மிக்ஸி ஓடுதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் குறைகிறது, போட்டால் திரும்ப வருகிறது. பவர் பட்டன் சிவப்பாக எரிகிறது. முதல் நாள் வெள்ளையாக இருந்ததாக ஞாபகம். கடையில் கேட்டால் "கேமிங் லேப்டாப்னா அப்படித்தான் மேடம்" என்கிறார்கள். 1,400 ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றித் தரும் கெடு பத்து நாள்தான். இது கோளாறா, இல்லை இயல்பே இப்படித்தானா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். பத்து நாளில் ஆறு போய்விட்டது. மீதி நான்கு நாளும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கே கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பில் எண், வாங்கிய தேதி, "சாதாரண வீடியோ வகுப்பிலேயே விசிறிச் சத்தம் மிக அதிகமாக இருக்கிறது, சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோளாறு என்றால் மாற்றித் தர வேண்டும்" என்று நான்கே வரி போதும். நேரில் போய்ச் சொன்னது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுதியதில் தேதி இருக்கும். லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறைகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். இது பெரும்பாலும் கோளாறு இல்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கு இரண்டு தடயம் இருக்கிறது. ஒன்று, அந்தச் சிவப்பு விளக்கு. இன்னொன்று, சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் குறைவது. லெனோவோவின் கேமிங் லேப்டாப்களில் பவர் பட்டனின் நிறம் அழகுக்காக வைத்தது கிடையாது. நீலம் என்றால் அமைதியான ஓட்டம், வெள்ளை என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் முழு வேகம். சிவப்பு மோடு சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு க்யூ-வைத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறும். வகுப்பு நேரத்தில் பரபரவென்று தட்டச்சு செய்யும்போதோ, கடையில் யாராவது செட்டிங் போட்டுக் காட்டும்போதோ இது கைபட்டு மாறியிருக்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ரொம்ப சகஜம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செய்து பாருங்கள். சார்ஜர் போட்டபடியே எஃப்என்னும் க்யூவும். விளக்கு நீலமாகும் வரை தட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் இரைச்சல் இறங்கத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

சிவப்பில் என்னதான் நடக்கிறது என்று கணக்கு டீச்சருக்குக் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் லேப்டாப்பின் பிராசஸரான ஐ5-12450ஹெச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின்செலவு 45 வாட். வேகத்தை முடுக்கிவிட்டால் உச்சமாக 95 வாட் வரை அது இழுக்கலாம். சாதாரண மெல்லிய லேப்டாப்களில் வரும் யு வகைச் சிப்புகளுக்கு, உதாரணத்துக்கு ஐ5-1235யு-வுக்கு, அடிப்படை வெறும் 15 வாட்தான். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. விரல் நகம் அளவு சிலிக்கான் துண்டில் ஒரு குண்டு பல்பின் சூடு. அதைச் செம்புக் குழாய்கள் ஓரத்துக்கு இழுத்து வருகின்றன, அங்கே சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் தகடுகளுக்கு நடுவே விசிறி காற்றைத் தள்ளுகிறது. விசிறி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு வாட் வருகிறதோ அதற்கு ஏற்பச் சுற்றுகிறது. அதனால் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றால் விசிறியை அடக்கப் பார்க்கக் கூடாது, வாட்டைத்தான் குறைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டுத்தான் பலர் என் பட்டறைக்கு வருகிறார்கள். ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி விசிறியை 30 சதவீதத்தில் பூட்டிவிடுவார்கள். சத்தம் போய்விடும், சூடு உள்ளேயே நிற்கும்.

வாட்டைக் குறைப்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சிப்பின் மின்செலவு வேகத்தைப் பொறுத்தது, அதோடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் கூடக்கூட மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மின்சாரம் கொட்டிக் கொடுக்கிறோம். அந்தக் கடைசி வேகத்தை விட்டுக்கொடுத்தால் வீடியோ வகுப்பில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் சூடு மளமளவென்று இறங்கும். விசிறிக் கணக்கும் இப்படித்தான் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஒரு விசிறியின் சுற்று வேகம் இருமடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரியும். திருப்பிப் போட்டால், நிமிடத்துக்கு 4,800 சுற்று ஓடும் விசிறியை 4,000-க்கு இறக்கினால் 4 டெசிபல் போல இறங்கும். கொஞ்சம் சூடு குறைத்தாலும் காதுக்கு அதைவிட அதிகமாகப் பலன் தெரியும் என்பது இதனால்தான்.

வேறு லேப்டாப் வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆசுஸ் டஃப் வரிசையில் எஃப்என்னோடு எஃப்5 அழுத்தினால் விசிறி மோடு மாறும். டெல்லின் ஜி வரிசை லேப்டாப்கள் பலவற்றில் எஃப்9 விசையில் 'ஜி' என்று ஒரு எழுத்து இருக்கும், அதைத் தெரியாமல் அழுத்திவிட்டால் விசிறி முழு வேகத்துக்குப் போய்விடும், மறுபடி அழுத்தினால் அடங்கும். ஹெச்பி விக்டஸ் என்றால் ஓமன் கேமிங் ஹப், ஏசர் நைட்ரோ என்றால் நைட்ரோசென்ஸ் என்ற செயலிக்குள் போய் மாற்ற வேண்டும். கேமிங் இல்லாத லேப்டாப்களில் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் அண்ட் பேட்டரி, அதில் பவர் மோடு. 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள்.

டீச்சர், நீங்கள் மாடியறை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு உங்கள் தளம்தான் கண்ணில் நின்றது. நம் ஊர்ப்பக்கம் பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தன் சூட்டை அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. வெளியே கடற்காற்று வந்து கெடிலம் ஆற்றங்கரையில் நடக்க இதமாக இருக்கும், உள்ளே கையைத் தூக்கித் தளத்தைத் தொட்டால் இட்லிப்பானை மூடி மாதிரி இருக்கும். உங்கள் வகுப்பு நேரம் சரியாக அதே ஆறு முதல் ஒன்பது. லேப்டாப் விசிறி குளிர்ந்த காற்றை உண்டாக்குவதில்லை, அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தள்ளுகிறது. உள்ளே தகடு 75 டிகிரியில் இருக்கிறது, ஏசி அறையின் காற்று 22 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 53. உங்கள் அறையில் 35 என்றால் வித்தியாசம் 40. அதே சூட்டை வெளியேற்ற இங்கே அதிகக் காற்று வேண்டும், அதாவது அதிகச் சுற்று, அதிகச் சத்தம். ஏசி போட்ட அறையில் சோதித்து 'அமைதியாக ஓடுகிறது' என்று சொல்லும் வீடியோ விமர்சனங்களைப் பார்த்து நம் அக்னி நட்சத்திர மாலையில் அதே அமைதியை எதிர்பார்க்க முடியாது. முடிந்தால் கோடை முடியும்வரை கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு மாறுங்கள். முடியாவிட்டால் ஐந்து மணிக்கே ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மொட்டைமாடியில் ஒரு வாளி நீரைத் தெளித்துவிடுங்கள். இது பழைய வழிதான், ஆனால் அறையில் நிஜமாகவே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மேசை. கேமிங் லேப்டாப்கள் அடிப்பக்கமாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாகத் தள்ளுகின்றன. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், பின்னால் வந்த சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி அடியில் நுழைந்து மறுபடியும் உள்ளேயே போகும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேசைவிரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், பஞ்சும் நூலும் அடித்துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னங்கால் இரண்டுக்கும் அடியில் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றொன்று வைத்து உயர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத ஸ்டாண்டு அது. அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தாலே விசிறி மூச்சு விடும். கடையில் இலவசமாகக் கொடுத்த சிலிக்கான் கீபோர்டு உறை போட்டிருக்கிறீர்களா? சில மாடல்கள் விசைகளுக்கு நடுவிலும் கொஞ்சம் காற்றை இழுக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். முழு உடம்புக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடித்துளைகளை மூடியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு அம்மா கொண்டுவந்த லேப்டாப்பில், ஸ்டிக்கர் ஒட்டிய பையன் அடித்துளையையும் சேர்த்து அழகாக ஒட்டி விளிம்பைக்கூட நேர்த்தியாக வெட்டியிருந்தான். பிளேடால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன், வேறு எந்த வேலையும் செய்யவில்லை. சத்தம் போய்விட்டது.

இப்போது ஒரு கேள்வி. வகுப்பு எடுக்கும்போது உங்கள் பின்னணியை மங்கலாக்கி வைத்திருக்கிறீர்களா? வீட்டிலிருந்து வகுப்பு எடுக்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பின்னால் துணிக்கொடியும் பீரோவும் தெரிய வேண்டாம் என்று. வீடியோவின் ஒவ்வொரு பிரேமிலும் உங்கள் தலைமுடி எது, சுவர் எது என்று லேப்டாப் பிரித்துப் பிரித்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு 25, 30 முறை, மூன்று மணி நேரம். பெரிய கோப்புகளைத் திறப்பது, ஸ்லைடு போடுவது இதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வசதியை அணைத்துவிட்டுப் பின்னால் ஒரு வெளிர்நிற வேட்டியையோ போர்வையையோ இழுத்துக் கட்டுங்கள். வகுப்பு தொடங்கியதிலிருந்து பத்தாவது நிமிடத்தில் சத்தம் வருகிறது என்று நீங்கள் சொன்னது இதனோடு பொருந்துகிறது. செம்பும் தகடும் சூடேறி நிரம்ப அவ்வளவு நேரம் ஆகும்.

கூடவே இன்னொன்று. உங்கள் லேப்டாப்பில் படம் காட்ட இரண்டு சிப் இருக்கிறது. ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிக்கனமான சிப், மற்றது விளையாட்டுக்கான ஆர்டிஎக்ஸ் 3050. கணக்கு வகுப்புக்கு 3050 தேவையே இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போனால் குரோம், ஜூம் போன்றவற்றுக்குத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே 'பவர் சேவிங்' என்று வையுங்கள். லெனோவோ வான்டேஜ் செயலியில் ஹைப்ரிட் மோடு ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆஃப் ஆகியிருந்தால் 3050 எப்போதும் விழித்தபடியே சூடாகிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் பிராசஸரின் முடுக்கத்தையே நிறுத்திவிடலாம். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ். அங்கே 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதற்குள் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' இருக்கும். சார்ஜர் போட்டிருக்கும்போது என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்குங்கள். பார்க்க ஒரு சதவீதம்தான், ஆனால் அந்த ஒன்றைக் குறைத்தால் டர்போ முடுக்கம் முழுவதும் நின்றுவிடும். 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறிக்கொண்டிருந்த சிப் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நிதானமாக ஓடும். எட்டு கோர் உள்ள சிப் அது, வகுப்புக்கும் வொயிட்போர்டுக்கும் தாராளம். மகனோ தம்பியோ விளையாடக் கேட்டால் அப்போது 100-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

புது லேப்டாப் என்பதால் ஒரு தனிக்காரணமும் உண்டு. முதல் ஒரு வாரம் விண்டோஸ் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அப்டேட்களை இறக்கும், எல்லாக் கோப்புகளையும் பட்டியல் போடும், வைரஸ் சோதனை நடக்கும், ஒன்டிரைவ் உங்கள் பழைய படங்களை இழுத்து வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்னும் வேலை மேலே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சார்ஜரிலும் இணையத்திலும் போட்டுவிட்டு, அப்டேட் எல்லாம் முடியவிட்டு, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லெனோவோ வான்டேஜில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் காட்டினால் அதையும் போட்டுவிடலாம். விசிறி எந்தச் சூட்டில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற கணக்கு பயாஸ் பக்கம்தான் இருக்கிறது, சில சமயம் அப்டேட்டில் அதைத் திருத்தியிருப்பார்கள். ஆனால் பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்டு போய் லேப்டாப் நின்றால் பெரிய வம்பு. பேட்டரி நிறைந்த பிறகு, சார்ஜரும் போட்டபடி, மின்தடை அறிவிக்காத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இனி நிஜக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது. இதைத்தான் நீங்கள் அடுத்த இரண்டு நாளில் செய்ய வேண்டும். இரவு எல்லோரும் படுத்த பிறகு சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, ஒன்றும் திறக்காமல், நீல மோடில் இருபது நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் காதைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

வெறும் காற்றுச் சத்தம், 'ஸ்ஸ்' என்று, அதுவும் மெல்லியதாக இருந்தால் அது இயல்பு. 'டக் டக் டக்' என்றோ, கரகரவென்றோ, பழைய சைக்கிள் டைனமோ உரசுவது மாதிரியோ கேட்டால் அது இயல்பு இல்லை. ஏதோ இறக்கையில் படுகிறது, அல்லது பேரிங் சரியில்லை. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, கொசு ரீங்காரம் மாதிரி கூர்மையாக. பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது அந்தச் சுருதி மாறினால் அது விசிறியே அல்ல, மதர்போர்டில் இருக்கும் மின்சுருள்கள் அதிர்வது. அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் காதைத் துளைக்கும் அளவுக்கு இருந்தால் மாற்றிக் கேட்கலாம். கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சார்ஜரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால், உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். லேப்டாப்பை அதற்குக் குறை சொல்ல முடியாது.

போன வருஷம் வில்லியனூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் வந்தார். வாங்கி எட்டு நாள். 'டிக்டிக்' என்று சத்தம், விசிறி வேகமாகச் சுற்றும்போது அது 'ர்ர்ர்' என்று சேர்ந்துவிடும். லேப்டாப்பைப் புத்தகம் நிறுத்துவது போலப் பக்கவாட்டில் மெதுவாக நிறுத்தினேன், சத்தம் நின்றது. படுக்க வைத்தேன், திரும்ப வந்தது. அதற்கு மேல் நான் தொடவில்லை. வாரண்டி உள்ள பொருளை நான் திறந்தால் நாளைக்கு அவருக்குத்தான் சிக்கல் என்று சொல்லி, அந்த வீடியோவையே எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னேன். அவர்கள் திறந்து பார்த்ததில், வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய கருப்பு வயரை ஒட்டியிருந்த டேப் ஒரு முனையில் எழும்பி, வயர் விசிறியின் வாயில் தொங்கியிருந்தது. ஒரு தலைமுடிப் பருமன் உரசல், அவ்வளவுதான். சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி விஷயங்களில் வீடியோவைவிட நல்ல சாட்சி கிடையாது. சரிவாக வைத்தால் சத்தம் மாறுகிறதா என்று நீங்களும் பாருங்கள், மாறினால் அதைப் படம் பிடித்துவிடுங்கள்.

சத்தத்தைக் கேட்டது போதும், எண்ணையும் பார்த்துவிடுவோம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறக்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்வு செய்தால் நீண்ட பட்டியல் வரும். நமக்கு வேண்டியது மூன்றே வரி: சிபியு பேக்கேஜின் வெப்பநிலை, சிபியு பேக்கேஜின் வாட், 'தெர்மல் த்ராட்லிங்' (சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது) என்ற வரியில் 'யெஸ்'ஸா 'நோ'வா. சும்மா இருக்கும்போது நம் ஊர்ச் சூட்டில் 45 முதல் 55 டிகிரி வரை சகஜம். வகுப்பில் 65, 75, சில சமயம் 80 போகலாம், பயப்பட வேண்டாம். இந்தச் சிப்பின் எல்லை 100 டிகிரி.

எது கோளாறு? இரண்டு நிலைமையைச் சொல்கிறேன். சிபியு வேலை 3, 4 சதவீதம்தான், சூடும் 45 டிகிரிதான், மோடும் நீலம்தான், ஆனாலும் விசிறி வீறிடுகிறது என்றால் விசிறியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் தவறு. இது ஒன்று. இன்னொன்று இதற்கு எதிர்மாறு: ஒரு சாதாரண இணையப் பக்கத்தைத் திறந்த சில நொடியிலேயே சூடு 95, 100-க்குப் பாய்கிறது, 'த்ராட்லிங்' வரியில் 'யெஸ்' விழுகிறது, வாட்டைப் பார்த்தால் 20-கூட இல்லை. அப்படியென்றால் சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சரியாகப் படவில்லை, அல்லது திருகு முழுதாக இறுகவில்லை. புது லேப்டாப்பில் இது அபூர்வம், ஆனால் நடக்கிறது. இந்த இரண்டில் எது வந்தாலும் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன். மாற்றித் தரச் சொல்லுங்கள். ரிப்பேர் செய்து தருகிறோம் என்று அவர்கள் சொன்னாலும், கெடுவுக்குள் இருக்கும்வரை புதுசு கேளுங்கள்.

கடையில் மறுபடி "அப்படித்தான் மேடம்" என்றால், வாய்ச்சண்டை வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே பதிவு செய்யுங்கள். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய கடை புதுச்சேரியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் கடலூரிலேயே போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் டீச்சர், நேர்மையாகச் சொன்னால், சிவப்பு மோடில் இரைந்தது என்பதை மட்டும் வைத்து எந்த இடத்திலும் ஜெயிக்க முடியாது. அந்த லேப்டாப்பை அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். எண்ணில் கோளாறு தெரிந்தால் மட்டும்தான் இந்தப் பாதை.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது, நீலத்தில் அடங்கியும் போகிறது என்றால் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வேலைக்கு இந்த லேப்டாப்பைக் காட்டியிருக்கவே கூடாது. வகுப்பு எடுக்கும் ஒருவருக்குத் தேவை யு வகைச் சிப், நல்ல கேமரா, எடை குறைவு, நீண்ட பேட்டரி. 3050-க்காக நீங்கள் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்குப் போகவில்லை. இன்னும் நான்கு நாள் இருப்பதால், கோளாறு இல்லாவிட்டாலும் வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பாருங்கள். விலை குறைந்த மாடலுக்கு மாறி, மிச்சத்துக்குப் பொருள் எடுத்துக்கொள்கிறேன் என்றால் சில கடைகள் ஒத்துக்கொள்கின்றன.

சில விஷயங்களை மட்டும் செய்யாதீர்கள். வாரண்டி இருக்கும்போது யாரையும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள். "பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும் புது லேப்டாப்பில் வேண்டாம். விசிறிக்கு எண்ணெய் விடச் சொன்னால் அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துவிடுங்கள். தூசிக்காகப் புளோயர் அடிப்பதும் இப்போதைக்குத் தேவையில்லை. ஒரு வருஷம் கழித்து அது தேவைப்படும்போது, இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும், தானாகக் கண்டபடி சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

கடைசியாக அந்த 1,400 ரூபாய்க் கூலிங் பேட். வாங்காதீர்கள். அடித்துளைக்குக் கொஞ்சம் காற்றைக் கூட்டித் தரும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள்ளேயும் விசிறிதான் இருக்கிறது. ஒரு சத்தத்தை அடக்க இன்னொரு சத்தத்தை மேசையில் ஏற்றுவானேன்? பாட்டில் மூடிகளே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் மைக் உள்ள வயர் இயர்போனாக ஒன்று வாங்குங்கள், 500 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். லேப்டாப்பின் மைக்கும் விசிறியும் ஒரே உடம்பில் இருக்கின்றன, காற்றுச் சத்தத்தோடு அதிர்வும் சேர்ந்து மைக்குக்குப் போகிறது. அதனால்தான் உங்கள் காதுக்குக் குக்கராகக் கேட்பது பிள்ளைகளுக்கு மிக்ஸியாகக் கேட்கிறது. மைக் வாய்க்கு அருகில் வந்தால் உங்கள் குரல் முன்னால் நிற்கும், விசிறி பின்னால் போய்விடும். ஜூமில் எடுப்பதாக இருந்தால் ஆடியோ செட்டிங்கில் பின்னணி இரைச்சல் நீக்கத்தை 'ஹை' என்று வையுங்கள். இன்று மாலை வகுப்புக்கு முன் ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து நீல விளக்கு, பாட்டில் மூடி, பின்னணி மங்கல் ஆஃப் இந்த மூன்றை மட்டும் செய்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். நடுவில் பிள்ளைகளிடம் மிக்ஸி கேட்கிறதா என்று கேளுங்கள். இரவு அந்த இருபது நிமிடச் சோதனையைச் செய்து, மூன்று எண்ணையும் வீடியோவையும் எனக்கு அனுப்புங்கள். கெடு முடிவதற்குள் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.